உள்ளங்கையைக் காட்டினால்தான் தண்ணீர்

1

எங்கள் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் யூர்கன் பொய் சொல்கிறார். அவர் சரி என்று சொல்லி விற்பனைக்கு அனுப்பிய தானியங்கிக் குழாய், கறுத்த கைக்குத் தண்ணீர் விடாது. அது அவருக்குத் தெரியும். கடைக்குப் போவதற்கு முன்பே தெரியும். அவர் தெரிந்துகொண்ட அன்று பக்கத்தில் நின்றவன் நான். நீட்டிய கையும் என்னுடையதுதான்.

அவர் மேல் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். அது சுலபம். என் மேல் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தாமலில் பிறந்தவன், காஞ்சிபுரத்தில் படித்தவன். ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். ஊரில் ஒரு சிறு பத்திரிகை நடத்தும் நண்பர், "பன்னிரண்டு வருஷ அனுபவத்தை நம்ம ஜனங்களுக்கு எழுதுப்பா" என்று கேட்டார். பனி, ரொட்டி, நேரத்துக்கு வரும் ரயில் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். ரயில் நேரத்துக்கு வருவதில்லை. மற்றதை எழுத மனம் இல்லை.

2

இந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது ஒரு ஜன்னல் கைப்பிடி. பக்கவாட்டில் திருப்பினால் ஜன்னல் கதவுபோலத் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் சாய்ந்து காற்று வரும், மழை வராது. யாரும் சொல்லித்தர வேண்டாம், கையே கற்றுக்கொள்ளும். வந்த புதிதில் அதைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தேன். இப்படிப் பொருள் செய்கிற ஊரில் வேலை செய்யப்போகிறேன் என்று ஒரு திமிர் இருந்தது.

வேலை கிடைத்தது குழாய் செய்யும் கம்பெனியில். கை படாமல் திறக்கும் குழாய். கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண் இருக்கும். அது ஒரு ஒளியை அனுப்பும், நம் கண்ணுக்கு அது தெரியாது. கை பட்டு அந்த ஒளி திரும்பி வந்தால் தண்ணீர் விடும். வெளுத்த கையில் ஒளி நிறையத் திரும்பும். கறுத்த கை நிறைய விழுங்கிவிடும், கொஞ்சம்தான் திரும்பும். அந்தக் கொஞ்சத்தைப் பார்க்கிற அளவுக்குக் கண்ணைக் கூர்மையாக வைத்தால், பளபளக்கும் தொட்டியைப் பார்த்தே குழாய் திறந்துகொள்ளும். இரண்டும் நடக்காமல் இருக்க வேறு கண் போட வேண்டும். போடலாம். ஆனால் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும்.

பரிசோதனை நாளில் பிரிவில் இருந்த எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். தண்ணீர் வந்தது. நான் நீட்டினேன். வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி நீட்டினேன். வரவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஜெர்மன் சரியாக வராது. "குழாய் சரியில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் "மன்னியுங்கள், என் கை சரியில்லை" என்றேன். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள்.

யூர்கன் என் மணிக்கட்டைப் பிடித்து, "கொஞ்சம் திருப்பிப் பார்" என்றார். உள்ளங்கை மேலே வந்தது. தண்ணீர் கொட்டியது.

"வருகிறதே," என்றார்.

படிவத்தில் இரண்டே கட்டம். தண்ணீர் வருகிறது, வரவில்லை. திருப்பினால் வருகிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதலாம், அதற்கு இடம் இருந்தது. நான் எழுதவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நான் இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கம்பெனி கடிதம் வேண்டும், கடிதத்தில் யூர்கன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மிரட்டவில்லை. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகவே பயந்துகொண்டு 'வருகிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் வந்தது. அனுமதி வந்தது. பிறகு மனைவி வந்தாள், கைக்குழந்தையாக மகள் ரூத் வந்தாள். குழாயும் உலகம் முழுக்கப் போனது.

3

என் அக்கா மார்த்தா காஞ்சிபுரத்தில் சாயப் பட்டறையில் வேலை செய்கிறாள். பட்டு நூல் கட்டுகளைச் சிட்டம் சிட்டமாகக் கோலில் மாட்டி, கொதிக்கும் சாய அண்டாவில் முக்கி, திருப்பித் திருப்பி எடுப்பது அவள் வேலை. ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் மயில் கழுத்து. எந்த நிறமாக இருந்தாலும் கையில் ஏறி ஏறிக் கடைசியில் கறுப்பாகத்தான் நிற்கும். சோப்புக்குப் போகாது. கோலை இறுக்கிப் பிடித்தே இருப்பதால் உள்ளங்கை நடுவில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுப்பு மிச்சம் இருக்கும். என் டிப்ளமோவும் என் முதல் விமான டிக்கெட்டும் அந்தக் கையில் வந்தவை.

சாயப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சும்மா இருக்கும்போதும் கையைத் திறந்து வைக்க மாட்டார்கள். ஈரச் சாயத்தோடு வெள்ளைச் சிட்டத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டால் அந்தச் சிட்டம் போச்சு. அதனால் விரலை உள்ளே மடக்கி, புறங்கை வெளியே தெரிய, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் இன்னும் அதிகமாக மடக்குவார்கள். சுற்றிலும் பட்டுப் புடவை அல்லவா.

அக்கா வேலை செய்யும் பட்டறையின் குழாயைச் சொல்ல வேண்டும். சாதாரண இரும்புக் குழாய். அதன் திருகில் யாரோ ஒரு வெல்டிங் கடைக்காரர் ஒரு முழ நீளக் கம்பியைப் பற்றவைத்திருக்கிறார். முழங்கையால் இடித்தால் திறக்கும், திரும்ப இடித்தால் மூடும். கை பட வேண்டாம். கறுத்த கை, வெளுத்த கை, சாயக் கை எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒருமுறை லீவில் போனபோது அதைப் பார்த்துச் சிரித்தேன். "இன்னாக்கா இது, யானைத் துதிக்கை மாதிரி?" என்றேன். "தண்ணி வருதா இல்லியா? அத்த சொல்லு," என்றாள். நான் கம்பெனியில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பேசிக் கேட்டதில்லை.

4

போன லீவில் பட்டறை முதலாளி வீட்டுக் கல்யாணம். புது மண்டபம், குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. அக்காவையும் எங்களையும் மரியாதையாகத்தான் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் கை கழுவும் இடம். ஆறு குழாய்கள் வரிசையாக. எங்கள் கம்பெனிக் குழாய்கள்.

பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் கையெழுத்தை மறந்துபோய்விட்டேனா என்று கேட்காதீர்கள். மறக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரிடம், "அந்தக் குழாய் எங்க கம்பெனிது சார். டெஸ்ட் பண்ணதே நான்தான்," என்றேன். அக்கா காதிலும் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். அவளும் கேட்டுவிட்டு எதிர் வரிசையில் இருந்தவளிடம், "எங்க தம்பி செஞ்சதாம்," என்று பெருமையாகச் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்து முதலில் எழுந்தது அவள்தான். சோறு ஒட்டிய விரல்களை மடக்கி, புறங்கை மேலே இருக்க, முதல் குழாயின் கீழ் நீட்டினாள். தண்ணீர் வரவில்லை. கையை ஆட்டினாள். வரவில்லை. இரண்டாவது குழாய்க்கு நகர்ந்தாள். பின்னால் வரிசை சேர்ந்தது.

"இன்னாமா ஆச்சு?"

"தண்ணி இல்ல போல இருக்குதுமா."

பின்னால் நின்ற அம்மாள் சிவந்த கையை நீட்டினார். கொட்டியது. "இருக்குதே!" என்றார்.

அக்கா மூன்றாவதற்குப் போனாள். அதிலும் இல்லை. யாரோ சிரித்தார்கள். பந்தியில் என்னோடு பேசிய மனிதர் கை துடைத்துக்கொண்டே, "சார், உங்க குழாய் உங்க அக்காவையே கண்டுக்க மாட்டேங்குதே! சொந்தக்காரங்கன்னு சொல்லி வைக்கலியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்.

மண்டபத்து மேனேஜர் வந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். "அந்தம்மாவ இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கப்பா. பின்னாடி வாளியும் சொம்பும் வெச்சிருக்குது. யாராச்சும் மேல இருந்து ஊத்தி வுடுங்க," என்றார். வாளியும் சொம்பும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அப்படியானால் அக்கா முதல் ஆள் இல்லை.

எங்கள் அப்பா தாமலில் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர். அங்கே ஒரு டீக்கடையில் அவருக்குத் தம்ளர் கிடையாது. குனிந்து, இரண்டு கையையும் குவித்து நிற்பார். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். நான் அதைப் பார்த்ததில்லை. அக்கா பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் ரூத் ஓடிவந்தாள். அவளுக்குப் பதினோரு வயது. தமிழ் புரியும், பேச்சு கொஞ்சம் தடுக்கும். "அத்தை, அப்படி இல்ல. கைய திருப்பு. கப் மாதிரி," என்று சொல்லிவிட்டு, லேசாகக் குனிந்து, உள்ளங்கையை மேலே காட்டிக் குவித்தாள். தண்ணீர் கொட்டியது. ஆயிரம் தடவை செய்து பழகிய லாவகம் அதில் இருந்தது.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி உனக்கு இப்டி சொல்லிக் குடுத்தது?"

"அப்பாதான். சின்னதுல. எங்க ஸ்கூல்லயும் இந்தக் குழாய்தான் அத்தை."

"உங்க ஸ்கூல்ல எல்லாரும் இப்டித்தான் கழுவுவாங்களா?"

"இல்ல அத்தை. நானும் அபேபாவும் மட்டும்தான்."

அபேபா ரூத்தின் தோழி. எத்தியோப்பியக் குழந்தை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். பின்பக்கம் போனாள். அங்கே சொம்போடு ஊற்றத் தயாராக நின்ற பெண்ணிடம், "குடுமா, எனக்குக் கை இருக்குது," என்று சொல்லி, இடது கையால் சொம்பை வாங்கித் தானே மொண்டு ஊற்றிக் கழுவிக்கொண்டாள். வெற்றிலை வாங்காமல் வெளியே நடந்தாள்.

5

ஆட்டோ சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டியது. அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். கண், ஒளி, எவ்வளவு திரும்பி வருகிறது, தொட்டியின் பளபளப்பு.

"நான் லைட்ட கேக்கல. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அக்கா, அது பழைய மாடல்..."

"புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறியே, கைய ஏந்துன்னு. தெரியாமலா சொல்லிக் குடுத்த?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எனக்கு அவர் கேட்டுவிடுவார் என்ற வெட்கம். அப்போதும் அந்த வெட்கம்தான். "வூட்டுக்குப் போய் பேசிக்கலாம்கா," என்றேன்.

"வூட்டுக்குள்ள இன்னா பேச்சு? அவ்ளோ பேரு எதிர்ல எச்சக் கையோட நின்னேன்டா. நம்ம அப்பன் நின்னாப்பல. நீ அவங்களோட சேர்ந்து சிரிச்ச. பேசறதா இருந்தா அவ்ளோ பேரு எதிர்ல பேசு. இல்லன்னா எங்கிட்ட பேசாத."

இறங்கிப் போய்விட்டாள். நான் விமானம் ஏறும் நாளிலும் வரவில்லை. இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. ரூத் கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாள். இருவரும் என்னென்னவோ பேசிச் சிரிக்கிறார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் அந்தப் பக்கம் குரல் நின்றுவிடும்.

6

திரும்பி வந்த முதல் வாரம் ரூத் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். ஜெர்மனில்தான் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் விட்டுப்போகும். "குழாய் சரியில்லை என்று தெரிந்தும் ஏன் என் கையைத் திருத்தினாய்?"

அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது நடந்தது நினைவுக்கு வந்தது. அவளுடைய மழலையர் பள்ளியில் ஒரு நாள் பெற்றோர் கூட்டம். குழந்தை குழாய் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "இது என்னைப் பிடிக்காத குழாய்," என்றாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். யூர்கன் என் மணிக்கட்டைப் பிடித்த அதே பிடி. தண்ணீர் வந்தது, அழுகை நின்றது. நல்ல அப்பா என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ரூத் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போதெல்லாம் பள்ளியில் கை கழுவுவதில்லையாம். வீட்டுக்கு வந்துதான் கழுவுகிறாள்.

மறுநாள் யூர்கனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். காபி கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். "வருத்தமாக இருக்கிறது," என்றார். பிறகு, "ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லையே," என்றார்.

"தண்ணீர் வராதவன் புகார் எழுத மாட்டான். அடுத்த குழாய்க்குப் போவான்."

"மாற்றம் கேட்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதோடு வாடிக்கையாளர் புகாரை இணைக்க வேண்டும்."

"அன்றைக்கு என் கைக்கு வரவில்லை. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

கணினியைத் திருப்பிக் காட்டினார். ஸ்கேன் செய்து வைத்த பழைய படிவம். என் பெயர், என் கையெழுத்து, 'வருகிறது' என்ற கட்டத்தில் என் டிக். "எல்லாக் கைகளுக்கும் வந்ததாகத்தான் பதிவு சொல்கிறது," என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

எழுந்துகொண்டேன். அவர் சொல்லும் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. வெளிக் கதவு தானே திறந்து வழிவிட்டது. அந்தக் கதவும் எங்கள் ஊர்க் கதவுபோல இல்லை, ஆள் வருவதைப் பார்த்துத் தானாகத் திறக்கும். இவ்வளவு நாள் அதை வசதி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு, யாரைப் பார்க்காமல் விடும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

எத்தனையோ பொருள்களை இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். பொருள் மோசமாக இருந்தால் நாம் பொருளைத் திட்டுவதில்லை. நம்மைத் திருத்திக்கொள்கிறோம். கையைத் திருப்புகிறோம், குனிகிறோம், பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். செய்தவன் அதைப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று எழுதிக்கொள்கிறான். என் விஷயத்தில் அதை எழுதியவனும் நானே.

7

அக்கா, நீ அவ்வளவு பேர் எதிரில் பேசச் சொன்னாய். மண்டபத்தில் இருந்தவர்களைவிட இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் இது: எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். பயத்தில் கையெழுத்துப் போட்டேன். பயம் போன பிறகும் பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதையே ஜெர்மனில் எழுதி, என் பெயரோடும் அந்தப் படிவத்தின் நகலோடும் எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ரூத் என் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். ஒரு இடத்தில் நான் "சிறு குறை" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "பொய்" என்று போட்டாள். வேலை போகலாம். போனால் போகட்டும்.

யூர்கன், அடுத்த மாதம் நம் தொழிற்சாலையை ஊர் மக்கள் பார்க்கத் திறந்து வைக்கும் நாள். வாசலில் வழக்கம்போல நம் குழாய்களை வரிசையாக வைப்பீர்கள், குழந்தைகள் வந்து கையை நீட்டிச் சிரிப்பார்கள். நானும் வருவேன். புறங்கை மேலே இருக்க நீட்டுவேன். தண்ணீர் வரும்வரை கையை எடுக்க மாட்டேன், திருப்பவும் மாட்டேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். வரிசை நின்றுபோய் எல்லோரும் நம் இருவரையும் பார்க்கும்போது, படிவத்தைக் காட்டாமல், வாயைத் திறந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். என் அக்கா கேட்ட அதே கேள்விதான்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?